இரண்டு ஐந்திலிருந்து இரண்டு நாற்பது வரை: ராமச்சந்திராபுரத்தில் மூன்று நாள்

இந்த வலைப்பதிவில் நான் வழக்கமாக எழுதுவது அணைக்கட்டுகள், பழைய கோட்டைகள், மலையேற்றப் பாதைகள். இந்தப் பயணத்தில் அப்படி எதுவும் இல்லை. போன ஜூலையில் அலுவலக வேலையாக மூன்று நாள் ஹைதராபாத் போனேன். செப்டம்பரில் என் சொந்தச் செலவில் ஒருநாள் மறுபடி போனேன். எழுதலாமா என்று நிறைய யோசித்தேன். கடைசியில், உங்களில் சிலருக்கு உபயோகப்படும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் என் வேலை. நான் ஒரு கைபேசி நிறுவனத்தின் சென்னை அலுவலகத்தில் பதினேழு வருடமாக இருக்கிறேன். பெயர் வேண்டாம். தென்மாநிலங்கள் முழுக்க டவர்கள் ஒன்றையொன்று இடைஞ்சல் செய்யாமல் பார்த்துக்கொள்வதும், அது பற்றிய புகார்களை முடிப்பதும் எங்கள் பிரிவின் வேலை. ஜூன் கடைசியில் ஹைதராபாத்திலிருந்து நித்யா என்ற பெண் எழுதிய கடிதம் ஒன்று என் மேலாளரிடம் வந்தது. நகர் ஓரத்தில் உள்ள ராமச்சந்திராபுரத்தில் அவளுடைய அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது வீட்டிலிருந்து யாரையும் போனில் பிடிக்க முடியவில்லை, அவர் இறந்துவிட்டார், உங்கள் நெட்வொர்க்தான் காரணம் என்று எழுதியிருந்தாள்.

"போய் அளந்துட்டு வாங்க. சிக்னல் நல்லா இருக்குன்னு ஒரு ரிப்போர்ட் போதும்" என்றார் மேலாளர். அளப்பதற்கு முன்பே முடிவு தயாராக இருந்தது. அது எனக்கு அப்போது உறுத்தவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சென்னையிலிருந்து மாலை கிளம்பும் ரயில், மூன்றடுக்கு ஏசி, டிக்கெட் ஆயிரத்து நூற்று இருபது ரூபாய். காலை ஆறு பத்துக்கு செகந்தராபாத். அங்கிருந்து லிங்கம்பள்ளிக்குப் புறநகர் ரயிலில் ஒரு மணி ஐந்து நிமிடம். ஸ்டேஷனுக்கு எதிரே லாட்ஜில் அறை வாடகை ஆயிரத்து நானூறு, வெந்நீர் எட்டு மணிவரைதான். அங்கிருந்து ராமச்சந்திராபுரம் நான்கு கிலோமீட்டர். வேலைக்காக எட்டு மணி நேரம், எண்பது கிலோமீட்டர் கணக்கில் கார் எடுத்துக்கொண்டேன். ஒரு நாளைக்கு இரண்டாயிரத்து அறுநூறு. டிரைவர் யூசுஃப் பாய்க்கு ஐம்பது வயதிருக்கும். இந்த மாதிரி வேலைக்குப் பலமுறை வந்தவர். நான் சொல்லும் முன்பே முன் இருக்கைக்கு எதிரே, அளப்பதற்காக நான் கொண்டுவந்திருந்த நான்கு போன்களையும் தட்டில் பொருத்தி, லேப்டாப்புக்கு மின்சார ஒயரை இழுத்துவிட்டார்.

காலை பத்தரைக்குத் தொடங்கினோம். ஊரில் பாதி அந்தப் பெரிய அரசுத் தொழிற்சாலையும் அதன் குடியிருப்பும்தான். மதிலை ஒட்டிப் போனால், பின்பக்கம், ஓய்வுபெற்றவர்கள் கட்டிக்கொண்ட தனிவீடுகளின் காலனி. நித்யாவின் கடிதத்தில் இருந்த தெரு அங்கேதான். நாலைந்து சுற்று சுற்றினோம். போன்கள் எல்லாமே பச்சைக்கோடு காட்டின. பேச்சும் தெளிவு. மேலாளர் கேட்ட ரிப்போர்ட்டை அப்போதே எழுதியிருக்கலாம்.

பன்னிரண்டரைக்கு வீட்டு மணியை அடித்தேன். கதவைத் திறந்தவர் செண்பகம் அம்மா, நித்யாவின் தாய். ஐம்பத்தெட்டு வயது. கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து வந்து முப்பத்தைந்து வருடம். பேச்சில் நெல்லை அப்படியே இருந்தது. கணவர் சங்கரலிங்கம் அந்தத் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருடத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள்.

அம்மா காப்பி கொடுத்துவிட்டு, நான் கேட்காமலே பின்னறைக்குக் கூட்டிப்போனார். ஒரு கட்டில், சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிய தொலைபேசி எண்கள்.

"சாப்ட்டுட்டு இங்கதான் படுத்திருந்தாவ. ரெண்டே கால் இருக்கும். நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு எந்திரிச்சு உக்காந்துட்டாவ. நான் ஆஸ்பத்திரிக்கு அடிச்சேன். எடுத்துட்டான். 'செப்பண்டி, செப்பண்டி'ங்கான், சொல்லுங்க சொல்லுங்கன்னு. எனக்கு அவன் பேசுதது அவ்வளவு நல்லாக் கேக்கு. நான் சொல்லுதது அவனுக்குக் கேக்கல. கட் பண்ணிட்டான்."

"எத்தனை முறை அம்மா?"

"ஆஸ்பத்திரிக்கு மூணு. நூத்தியெட்டுக்கு ஒண்ணு. நித்யாவுக்கு ஒண்ணு. எல்லாருக்கும் நான் ஊமையாயிட்டேன். அப்புறம் மெயின்ரோட்டுக்கு ஓடுனேன். ஆட்டோவக் கூட்டியாந்து ஏத்திக்கிட்டுப் போறதுக்குள்ள..." அவர் கட்டிலின் விரிப்பைச் சரிசெய்தார். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

மணி ஒன்றரை. "இரண்டே கால்வரை இங்கேயே இருக்கலாமா?" என்று கேட்டேன். தலையாட்டினார்.

இரண்டு மணிக்குத் தொழிற்சாலையின் சங்கு ஊதியது. முதல் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் வரிசையாக வாசல் கேட்டுக்கு வரும் சத்தம் கேட்டது. இரண்டு ஐந்துக்குக் கட்டிலில் உட்கார்ந்து வெளியே காரில் இருந்த யூசுஃப் பாயை அழைத்தேன்.

"ஹலோ மேடம்? ஹலோ? போலோ மேடம்!" அவர் குரல் கண்ணாடி போலக் கேட்டது. நான் கத்தினேன். "ஹலோ? ஆவாஸ் நை ஆரா மேடம்" என்றார்; குரல் வரவில்லையாம். வைத்துவிட்டார். செண்பகம் அம்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு முறை அழைத்தேன். இரண்டு நாற்பதுக்குப் பதின்மூன்றாவது அழைப்பு சாதாரணமாகப் போனது. பஸ்கள் போய்விட்டிருந்தன.

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். ஒவ்வொரு டவரும் தன்னிடம் உள்ள அலைவரிசையைச் சிறுசிறு துண்டுகளாக்கி, எந்தத் துண்டில் எந்த போன் பேசலாம் என்று நொடிக்கு ஆயிரம் முறை பங்கு போடுகிறது. பக்கத்து டவர்களுக்கும் அதே அலைவரிசைதான். டவருக்கு அருகில் இருப்பவருக்குக் கவலை இல்லை. இரண்டு மூன்று டவர்களின் எல்லையில் இருப்பவருக்குத்தான் சிக்கல். அவருடைய போன் ஏற்கெனவே முழு பலத்தோடு கத்திக்கொண்டிருக்கும். பக்கத்து டவரின் ஆட்கள் அதே துண்டில் பேசினால் அவர் குரல் அமுங்கிவிடும். அதனால் டவர்களுக்குப் பொதுவாக ஒரு நிரல் உண்டு. 'இந்தத் துண்டுகளை நீ காலியாக விடு, எல்லையில் இருப்பவன் பேசட்டும்' என்று அது டவர்களுக்கு முறை வைக்கும்.

காலியாக விடுவது கூட்ட நேரத்தில் வீண் என்று எங்களுக்குத் தோன்றியது. ஒரு டவரில் நெரிசல் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால், அது எதையும் காலியாக விட வேண்டாம், எல்லாத் துண்டையும் தன் கூட்டத்துக்கே கொடுக்கட்டும் என்று விதியை மாற்றினோம். வட்டாரத்தின் சராசரி இணைய வேகம் ஏறியது. பாராட்டு மின்னஞ்சல் வந்தது. அந்த விதியை எழுதியவள் நான்.

ஷிஃப்ட் முடிந்து கேட்டில் நிற்கும் பஸ்களில் நூற்றுக்கணக்கான போன்கள். அந்த டவர் நிரம்புகிறது, காலியாக விடுவதை நிறுத்துகிறது. மதிலுக்கு இந்தப் பக்கம், எல்லையில், ஒரு கட்டிலில் உட்கார்ந்து பேசுபவரின் குரல் முப்பத்தைந்து நிமிடம் எங்கேயும் போய்ச் சேர்வதில்லை. ஒரே டவருக்குள் என்றால் குரலுக்கு முன்னுரிமை உண்டு. தான் அமுக்குவது யாருடைய குரல் என்று பக்கத்து டவருக்குத் தெரியாது.

கிளம்பும்போது அம்மா கணவரின் போனைக் காட்டினார். அவர் எங்களுக்கு மூன்று புகார்கள் அனுப்பியிருந்தார். மூன்றுக்கும் 'முடிக்கப்பட்டது' என்ற செய்தி வந்திருந்தது. புகார் எண்களைக் குறித்துக்கொண்டேன்.

மாலை லாட்ஜில் லேப்டாப்பைத் திறந்து அந்த எண்களைத் தேடினேன். மே மாதத்து மூன்றாவது புகாரை முடித்தவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. 'தங்கள் பகுதியில் சராசரி சேவைத் தரம் இயல்பாக உள்ளது.' திறந்த நேரத்துக்கும் முடித்த நேரத்துக்கும் நடுவே நான்கு நிமிடம். ஒரு படம் இணைத்திருந்தார். அன்று நான் அதைத் திறக்கவில்லை என்பதும் பதிவில் இருந்தது. இப்போது திறந்தேன். கோடு போட்ட தாள், ஃபோர்மேனுக்கே உரிய நேரான கையெழுத்து. பதின்மூன்று நாட்கள், ஒவ்வொரு நாளும் எந்த நிமிடத்தில் பேச்சு அமுங்கியது, எப்போது திரும்பியது, எத்தனை கோடு சிக்னல். அடியில் சிவப்பு மையில்: 'தினமும் 2.05 முதல் 2.40 வரை. ஷிஃப்ட் பஸ்களுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று பார்க்கவும்.'

நான் ரயிலேறி வந்து, நான்கு போனும் காரும் வைத்துக் கண்டுபிடித்ததை, அவர் கட்டிலில் உட்கார்ந்து கண்டுபிடித்து எனக்கே அனுப்பியிருக்கிறார்.

இரவு சாப்பிடவில்லை. (லாட்ஜுக்குக் கீழே உள்ள மெஸ்ஸில் சாப்பாடு நூற்று முப்பது என்று போட்டிருந்தது. எப்படி இருக்கும் என்று தெரியாது.)

இரண்டாம் நாள் காலை ஒன்பதுக்குக் கிளம்பிக் குகட்பள்ளி போனோம். பதினைந்து கிலோமீட்டர்தான், ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. வீட்டுவசதி வாரியக் காலனியில் மூன்றாவது மாடியில் நித்யாவின் வீடு. இருபத்தொன்பது வயது, வங்கியில் வேலை. தமிழில் கேட்டதற்கெல்லாம் ஆங்கிலமும் தெலுங்கும் கலந்து பதில் சொன்னாள்.

"அம்மா ஃபோன் கால் வச்சிந்தி மேடம். டூ ட்வென்டி. நான் அட்டென்ட் பண்ணேன். நத்திங். ஒன்லி லைக்... கர்கர்னு சவுண்டு. டெய்லி அந்த டைம்ல அப்படித்தான் இருக்கும். அப்பா கூட ஜோக் பண்ணுவார், 'டூ ஓ க்ளாக் மௌன விரதம்'னு. சோ ஐ தாட், அதேதான்." பிறகு சொன்னாள்: "நேனே கட் சேஸானு. நானேதான் கட் பண்ணேன். மீட்டிங்ல இருந்தேன்."

அவள் தவறு இல்லை என்று சொன்னேன். "எவரிபடி இஸ் சேயிங் தட்" என்றாள். பிறகு நேராகப் பார்த்து, "எங்க ஆர்க்யூமென்ட் கரெக்டா, ராங்கா? யெஸ் ஆர் நோ சொல்லுங்க மேடம்" என்று கேட்டாள்.

"கரெக்ட்" என்றேன்.

அந்த ஒரு சொல்லுக்கே அலுவலகத்தில் எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வரும் என்று தெரியும். அவள் அழவில்லை. "ஓகே" என்று எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

அங்கிருந்து சனத்நகர் ஏழு கிலோமீட்டர். என் அட்டவணையில் அது இல்லை. அதே விதி அங்கேயும் ஓடுகிறது என்பதால் போனேன். பழைய தொழிற்பேட்டைக்குப் பின்னால் நெருக்கமான வீடுகள். பட்டறைகள் விடும் நேரத்துக்காகக் காத்திருந்து (காருக்கு அன்று கூடுதல் நேர வாடகை), ஐந்தரையிலிருந்து ஒரே சந்தில் திரும்பத்திரும்பக் காரை விடச் சொன்னேன்.

"கைக்கு மேடம், ஏகீச் கல்லி மே பீஸ் பார்?" என்றார் யூசுஃப் பாய். ஒரே சந்தில் எதற்கு இருபது தடவை என்று கேட்கிறார். எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் வண்டியை ஓரம் கட்டினார். தன் தம்பி குடும்பம் இரண்டு சந்து தள்ளி இருப்பதாகவும், அவன் மனைவிக்கு மாதம் நிறைந்திருப்பதாகவும் சொன்னார். "ஷாம் கோ உஸ்கா ஃபோன் நை லக்தா. ஹமே சம்ஜே ஃபோன் கராப்." மாலையில் அவள் போன் கிடைப்பதில்லை, போன்தான் பழுது என்று நினைத்துப் புது போன் வாங்கிக் கொடுத்தார்களாம்.

அந்தச் சந்தில் பத்தில் ஏழு அழைப்பு ஒருபக்கமாகவே போனது. லிங்கம்பள்ளி திரும்பும்வரை அவர் போனில் தன் தம்பியோடு பேசினார்.

மூன்றாம் நாள் காலை பதினொன்றுக்குச் செண்பகம் அம்மாவின் வீட்டுக்குத் தனியாக ஆட்டோவில் போனேன், அறுபது ரூபாய். சொல்லாமலேயே ஊர் திரும்பியிருக்கலாம். மேலாளர் அன்று காலை போனில், "ஃபேமிலிகிட்ட எதுவும் கமிட் பண்ணிடாதீங்க" என்று சொல்லியும் இருந்தார். ஆனால் அந்தத் தாளைப் பார்த்தபின் அப்படிப் போக முடியவில்லை.

முன்னறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். விதியை எழுதியது நான் என்பதை. மூன்றாவது புகாரை மூடியதும் நான் என்பதை. படத்தைத் திறக்கவில்லை என்பதை. நான்கு நிமிடம் என்பதையும்.

நான் முடித்ததும், "நாலு நிமிசமா?" என்றார்.

"ஆமாம் அம்மா."

"அவுக அதை எழுத ஒரு மத்தியானம் பூரா உக்காந்திருந்தாவ. ஸ்கேல் வச்சுக் கோடு போட்டாவ. 'எதுக்கு இவ்வளவு'ன்னு கேட்டேன். 'படிக்கிற என்ஜினியருக்குச் சிரமம் இருக்கக் கூடாது'ன்னாவ."

நான் மன்னிப்புக் கேட்டேன். என்ன சொற்களில் என்று நினைவில்லை. அவர் எழுந்து கொடியில் காய்ந்த துணிகளை எடுக்கப் போனார். ஒவ்வொன்றாக மடித்து நாற்காலியில் வைத்தார். கடைசித் துணியை மடித்துவிட்டு, என்னைப் பார்க்காமல், "வெயில் ஏறும் முன்ன நீங்க கெளம்புங்க" என்றார்.

கிளம்பினேன்.

சென்னையில் ரிப்போர்ட்டை உள்ளபடி எழுதினேன். விதி என்னுடையது என்றும், அதை எல்லா இடத்திலும் திரும்பப் பெற வேண்டும் என்றும். சனத்நகர் அளவுகளையும் சேர்த்தேன். நித்யாவுக்கு ஒரு பிரதி அனுப்பினேன். அதற்காக விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. நான் வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டேன். அதைப் பற்றிப் புகார் இல்லை. ராமச்சந்திராபுரத்தின் மூன்று டவர்களில் மட்டும் பழைய விதியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். சனத்நகர் பற்றிக் கேட்டதற்கு, அங்கிருந்து புகார் எதுவும் பதிவாகவில்லை என்றார்கள். யூசுஃப் பாயை அழைத்து, தம்பியைப் புகார் கொடுக்கச் சொன்னேன். "ஹவ் மேடம்", ஆகட்டும் என்றார். குழந்தை நல்லபடியாகப் பிறந்துவிட்டது என்று அப்போது சொன்னார். பகல் பதினோரு மணிக்கு வலி வந்ததாம். அந்த நேரத்தில் போன் வேலை செய்யும்.

செப்டம்பரில் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். அதே ரயில், அதே லாட்ஜ், வாடகை நூறு ரூபாய் கூடியிருந்தது. திரும்ப வந்த பழைய விதி வேலை செய்கிறதா என்று என் காதால் கேட்க வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. மதியம் ஒன்றே முக்காலுக்கு அந்தத் தெருவில் இறங்கினேன். வீடு பூட்டியிருந்தது. கேட்டில் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் வாடகைக்கு என்று அட்டை. செண்பகம் அம்மா மகளோடு குகட்பள்ளிக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது என்று எதிர்வீட்டில் சொன்னார்கள்.

சங்கு ஊதியது, பஸ்கள் கிளம்பின. இரண்டு பதினைந்துக்கு, பின்னறைச் சுவரை ஒட்டிய சந்தில் நின்று செண்பகம் அம்மாவின் எண்ணை அழைத்தேன். நித்யா எடுத்தாள். யார், எங்கே நிற்கிறேன் என்று சொன்னேன்.

"கேக்குது" என்றாள். "ஃபுல் க்ளியர்." பின்னால் ஏதோ பேச்சுக் குரல். பிறகு, "அம்மா பேசலையாம்" என்று வைத்துவிட்டாள்.

சுவரின் நிழலில் இரண்டு நாற்பதுவரை நின்று, இன்னும் பதினோரு அழைப்புகள் செய்து பார்த்தேன். எல்லாம் சரியாகப் போயின. இந்த வேலையில் இத்தனை வருடம் படித்த வரைபடங்களில் எல்லையில் இருப்பவர் ஒரு சதவீதமாகவே எனக்குத் தெரிந்திருக்கிறார். சராசரி ஏறினால் எல்லோருக்கும் நல்லது நடந்தது என்று உண்மையாகவே நம்பினேன். ஏறிய அந்த வேகம் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று நான் கேட்டதே இல்லை.

இனி உபயோகமான விஷயம். உங்கள் பெற்றோரோ வேறு யாரோ தனியாக இருக்கும் வீட்டுக்கு அடுத்தமுறை போகும்போது, சிக்னல் கோடுகளை நம்பாதீர்கள். அவர்கள் படுக்கும் அறையிலிருந்து, அவர்களுடைய போனில், வெவ்வேறு நேரங்களில் அழைத்துப் பாருங்கள்; உங்களுக்குக் கேட்கிறதா என்பதோடு நிற்காமல் எதிர்முனையில் கேட்கிறதா என்று விசாரியுங்கள். பக்கத்தில் பள்ளி, தொழிற்சாலை, மைதானம் எது இருந்தாலும் அது விடும் நேரத்தில் கட்டாயம் பாருங்கள். முடிந்தால் வீட்டில் கம்பி வழி இணைப்பு ஒன்று வையுங்கள், வைஃபை வழியாக அழைக்கும் வசதியை போனில் இயக்கிவிடுங்கள். வேறொரு நிறுவனத்தின் சிம் இன்னொன்று இருக்கட்டும். ஒருபக்கமாகக் கேட்டால் உள்ளே நின்று மறுபடி மறுபடி அடிக்காமல் தெருவுக்கு வந்து, அக்கம்பக்கத்தில் வேறு போனை வாங்கி அடிக்கச் சொல்லிக்கொடுங்கள்.

புகார் கொடுங்கள். மூடினால் மறுபடி கொடுங்கள். நேரமும் அளவுகளும் கீழே எழுதிக்கொள்ளலாம். முதல் வரியில், அந்த வீட்டில் யார் இருக்கிறார், அவருக்கு என்ன வயது, என்ன நோய் என்று எழுதுங்கள்.